சட்டத்துக்குப் பேரும் நம்பரும் எங்கருந்து வருது? – வாசகர் கேள்வி பதில்

புது குற்றவியல் சட்டங்களப் பத்தி எழுதுனதுக்கு அப்புறம் சட்டத்தோட பேரு, நம்பரு சம்பந்தமாவே கேள்வி வந்துக்கிட்டு இருக்கு. அதனால இந்தப் பகுதிய முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டோம். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்கு உறுதியாத் தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: என் மக கலிபோர்னியாவுல இருக்கா. குடியுரிமை வாங்கி 2024 நவம்பர்ல மொத தடவையா ஓட்டுப் போட்டா. சீட்டுல ஆளுங்க பேரு போக "ப்ராபொசிஷன்"னு போட்டு 2லருந்து 6 வரைக்கும், அப்புறம் 32லருந்து 36 வரைக்கும் இருந்துச்சாம். நடுவுல உள்ள நம்பர் எல்லாம் எங்க போச்சுன்னு அவளுக்கே தெரியல. விளக்க முடியுமா? – திருநகர் வாசகி

அம்மா, உங்க மக நல்லாத்தான் கவனிச்சுருக்காங்க. அங்க எம்.எல்.ஏ.வுக்கு மட்டும் இல்ல, சட்டத்துக்கே ஜனங்க நேரா ஓட்டுப் போடலாம். கையெழுத்து வாங்கி ஜனங்களே ஒரு சட்டத்தக் கொண்டு வரலாம், இல்ல சட்டசபையே அனுப்பி வைக்கலாம். அப்படி ஓட்டுக்கு வர்ற ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். முன்னாடி எல்லாம் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒண்ணுல இருந்து ஆரம்பிப்பாங்க, அதனால அந்தந்த வருஷம் ஒரு 1, ஒரு 2ன்னு வந்து எது எதுன்னு யாருக்கும் புரியாமப் போச்சு. 1982 நவம்பர்ல இருந்து தொடர்ச்சியா எண்ணிக்கிட்டே போனாங்க, 1998 ஜூன்ல அது 227 வரைக்கும் போயிருச்சு. அப்புறம் 1998 நவம்பர்ல திரும்ப 1ல ஆரம்பிச்சு, பத்து வருஷத்துக்கு ஒரு தடவை புதுசா ஆரம்பிக்கிறதுன்னு ஆச்சு. கடைசியா ஆரம்பிச்சது 2018 நவம்பர். அந்தத் தேர்தல்ல 12 வரைக்கும், 2020ல ரெண்டு தேர்தலும் சேத்து 13லருந்து 25, 2022ல 26லருந்து 31, 2024ல 32லருந்து 36. உங்க மக தேடுன நம்பர் எல்லாம் முந்தின தேர்தல்கள்லயே செலவாயிருச்சும்மா. அப்ப 2லருந்து 6 எப்படித் திரும்ப வந்துச்சுன்னா, அதெல்லாம் சட்டசபை அனுப்புனது, தாங்க அனுப்புறதுக்கு இந்த நம்பர்தான் வேணும்னு சட்டசபையே தனியா சட்டம் போட்டு எடுத்துக்கலாம். சீட்டுல மேல நிக்கணும், சின்ன நம்பரா இருந்தா ஜனங்க மனசுல நிக்கும்ங்குற ஆசை எல்லா ஊர் அரசியல்வாதிக்கும் இருக்குமில்லையா.

இந்தப் பத்து வருஷச் சுத்துனால வர்ற சிக்கலுக்கு அந்த 36ஆம் நம்பரே நல்ல உதாரணம். 2000ல ஒரு 36 வந்துச்சு, போதைப்பொருள் வச்சிருந்து மாட்டுனவங்கள ஜெயிலுக்கு அனுப்பாம சிகிச்சைக்கு அனுப்பணும்னு. 2012ல இன்னொரு 36, மூணாவது தடவை குற்றம் பண்ணுனா ஆயுள் தண்டனைங்குற கடுமையான சட்டத்தக் கொஞ்சம் தளர்த்துனது. 2024ல உங்க மக பாத்த 36, திருட்டுக்கும் போதைப்பொருளுக்கும் தண்டனைய ஏத்துறது. மூணுமே ஜெயிச்சுது. அதனால இனிமே யாராச்சும் "36க்கு நாங்க ஆதரவு"ன்னு சொன்னா, எந்த வருஷத்து 36ன்னு கேக்கச் சொல்லுங்க.

13ன்னு ஒரு நம்பர் அங்க ரொம்பப் பிரசித்தம். 1978 ஜூன்ல வந்தது, வீடு நிலத்துக்கு உண்டான சொத்து வரி மதிப்புல ஒரு சதவீதத்தத் தாண்டக்கூடாதுன்னு கட்டுப்படுத்துனது, இன்னிக்கும் நடைமுறையில இருக்கு. 2020 மார்ச்ல பள்ளிக்கூடக் கட்டடத்துக்காக 15 பில்லியன் டாலர் கடன் பத்திரம் கேட்டு ஒண்ணு வந்துச்சு, அதுக்கும் வரிசைப்படி 13ன்னே நம்பர் விழுந்துருச்சு. அது தோத்துப் போச்சு. ஜனங்க பழைய 13ஓட போட்டுக் குழப்பிக்கிட்டாங்கன்னு அதக் கொண்டு வந்தவங்களே சொன்னாங்க. புள்ளைங்க படிக்கிற கட்டடத்துக்குப் பணம், ஒரு நம்பர்ல போய் சிக்குச்சுன்னா மனசு வலிக்கத்தான செய்யுது.

நம்பர விட அங்க முக்கியமானது சீட்டுல அச்சடிக்கிற தலைப்பு. அத எழுதுறது கொண்டு வந்தவங்க இல்ல, அந்த மாநிலத்து அட்டர்னி ஜெனரல், அதாவது அரசோட தலைமை வக்கீல். சுருக்கம் நூறு வார்த்தைக்குள்ள இருக்கணும். 2008ல 8ஆம் நம்பர், ஒரே பாலினத்தவங்க கல்யாணத்தத் தடுக்குறதுக்காகக் கொண்டு வந்தாங்க. கையெழுத்து வாங்கும்போது தலைப்பு "திருமணத்துக்கு வரம்பு"ங்குற மாதிரி இருந்துச்சு. அதுக்குள்ள கோர்ட்டு அந்தக் கல்யாணங்களுக்கு உரிமை குடுத்துட்டதால, சீட்டுக்கு வரும்போது "ஒரே பாலினத் தம்பதியர் திருமணம் செய்யும் உரிமையை நீக்குகிறது"ன்னு அட்டர்னி ஜெனரல் மாத்திட்டாரு. கொண்டு வந்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, தலைப்பு அப்படியேதான் இருந்துச்சு. ஆனாலும் அது ஜெயிச்சுது, அது வேற கதை. உங்க மக அடுத்த தடவை ஓட்டுப் போடுறதுக்கு முன்னாடி தலைப்போட நிப்பாட்டாம, வீட்டுக்கு வர்ற விளக்கப் புத்தகத்துல உள்ள முழு வாசகத்தையும் படிக்கச் சொல்லுங்கம்மா.

கேள்வி: சட்டக் கல்லூரியில படிக்கிறேன். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973ன்னு பேரு, ஆனா நம்பர் 2/1974ன்னு போட்டுருக்கு. அச்சுப் பிழையா? – ஒத்தக்கடை வாசகர்

பிழை இல்ல தம்பி. பேருல உள்ள வருஷம் நாடாளுமன்றம் வைக்கிறது, சட்டத்தோட முதல் பிரிவுலயே "இந்தச் சட்டத்துக்கு இன்ன பேர்"ன்னு எழுதிருப்பாங்க. நம்பர் விழுறது ஜனாதிபதி கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம். அந்தச் சட்டம் 1973 டிசம்பர்ல ரெண்டு சபையையும் தாண்டிருச்சு, கையெழுத்து ஆனது 1974 ஜனவரி 25. அந்த வருஷத்துல ரெண்டாவதா கையெழுத்தானது, அதான் 2/1974. ஜனவரி 1 வந்தா நம்பர் திரும்ப ஒண்ணுல ஆரம்பிச்சுரும்.

பழைய காலத்துல சட்டத்துக்குப் பேரே கெடையாது தெரியுமா, நம்பரும் வருஷமும், கூட ஒரு நீளமான முகவுரையும்தான். எந்தச் சட்டத்தச் சொல்றாங்கன்னு கண்டுபிடிக்கிறதே பெரும் பாடா இருந்ததால 1897ல ஒரு தனிச் சட்டம் போட்டு, அது நம்பர் 14/1897, பேரில்லாத பழைய சட்டத்துக்கெல்லாம் மொத்தமாப் பேரு வச்சாங்க. பேரு வைக்கிறதுக்கே ஒரு சட்டம்!

இன்னொண்ணும் உனக்குப் பிடிக்கும். இந்தியத் தண்டனைச் சட்டம் 45/1860. அதுக்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா 45/2023. 2023 டிசம்பர் 25 கையெழுத்தானப்ப வரிசையில 45, 46, 47ன்னு புது குற்றவியல் சட்டம் மூணுக்கும் அடுத்தடுத்து விழுந்துச்சு, அதுல மொதல் ஆளுக்குப் பழைய நம்பரே அமைஞ்சது தற்செயல்தான். ஆனா உள்ள பிரிவு நம்பர் எல்லாம் தலைகீழா மாறிருச்சு. ஏமாத்துறவன நம்ம ஊர்ல "நானூத்தி இருவது"ன்னு திட்டுறோமில்ல, புதுசுல அது 318ல நாலாவது உட்பிரிவு. மொத்தமே 358 பிரிவுதான், 420ன்னு ஒண்ணே கெடையாது. கொலைக்கு 302 போயி 103. கொலைக்கு 302 போயி 103. போலீஸ்காரங்களும் வக்கீலுங்களும் பழசயும் புதுசயும் சேத்துச் சேத்துத்தான் சொல்றாங்க, 2024 ஜூலை 1க்கு முன்னாடி நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தாங்குறதால இன்னும் பல வருஷத்துக்கு ரெண்டையும் படிச்சுத்தான் ஆகணும்.

அந்தப் புதுச் சட்டங்களோட பேருங்களப் பத்தியும் கேக்குறாங்க நெறைய பேரு. அரசியல் சாசனம் 348ஆவது பிரிவு, நாடாளுமன்றச் சட்டத்தோட அதிகாரப்பூர்வ வாசகம் இங்கிலீஷ்ல இருக்கணும்னு சொல்லுது. வாசகம் இங்கிலீஷ்ல இருக்கு, பேரு மட்டும் இந்தியில. தமிழ்நாட்டு வக்கீலுங்க கோர்ட்டப் புறக்கணிச்சுப் போராடுனது இதுக்கும் சேத்துத்தான். என் கருத்தக் கேட்டா, உசிலம்பட்டியில இருந்து ஸ்டேஷனுக்கு வர்ற ஒரு அம்மா தன் மேல போட்டுருக்குற சட்டத்தோட பேர வாயால சொல்ல முடியணும். அது முடியாத பேரு நல்ல பேரு இல்ல.

கேள்வி: ஜி.எஸ்.டி. வந்தப்ப பேப்பர்ல 122ஆவது திருத்தம்னு போட்டான், இப்ப எங்க ஆடிட்டர் 101ங்குறாரு. எது சரி? – கீழமாசி வீதி வியாபாரி

ரெண்டும் சரிங்க. மசோதாவா தாக்கல் ஆகுறப்ப ஒரு வரிசை, சட்டமா ஆனப்புறம் ஒரு வரிசை. தாக்கல் ஆகுற எல்லாம் நிறைவேறுறது இல்ல, சிலது நடுவுலயே காலாவதி ஆயிரும், அதனால மசோதா நம்பர் பெரும்பாலும் ஓடி முன்னாடி நிக்கும். ஜி.எஸ்.டி. 122ஆவது மசோதாவா 2014ல உள்ள போயி 101ஆவது திருத்தச் சட்டமா 2016ல வெளிய வந்துச்சு. பெண்கள் இடஒதுக்கீடு 128ஆ போயி 106ஆ வந்துச்சு. எப்பவாச்சும் தலைகீழாவும் நடக்கும். நம்ம பஞ்சாயத்து ராஜ் சட்டம் 72ஆவது மசோதாவாத்தான் போச்சு, பின்னாடி வந்த வேறொண்ணு முந்திக்கிட்டதால 73ஆவது திருத்தமா ஆயிருச்சு.

கேள்வி: மெரினா போராட்டத்துக்கு அப்புறம் வந்த ஜல்லிக்கட்டு சட்டத்த நெட்ல தேடுனா அந்தப் பேர்ல 2009 சட்டம்தான் வருது, 2017 வரல. ஏன்ணே? – அலங்காநல்லூர் வாசகர்

ஏன்னா 2017 சட்டத்தோட பேர்ல ஜல்லிக்கட்டுங்குற வார்த்தையே இல்ல தம்பி. அதோட பேரு "விலங்குகள் வதைத் தடுப்பு (தமிழ்நாடு திருத்த) சட்டம், 2017". நம்ம ஆளுங்க எதுக்காகப் போராடுனாங்களோ அந்தப் பேரு தலைப்புல இல்லையேன்னு உனக்குத் தோணும். ஆனா அப்படிப் பேரு வச்சதுலதான் சூட்சுமமே இருக்கு, கொஞ்சம் பொறுமையாப் படி.

2006ல நம்ம மதுரை ஐகோர்ட் கிளையில தடை வந்துச்சு. அதுக்கப்புறம் 2009ல "தமிழ்நாடு ஜல்லிக்கட்டு முறைப்படுத்தும் சட்டம்", நம்பர் 27/2009, போட்டாங்க. பேரு நேராவே இருந்துச்சு. ஆனா விலங்கு வதைத் தடுப்புக்குன்னு மத்திய சட்டம் ஒண்ணு 1960லருந்து இருக்கு, 59/1960. அந்தச் சட்டத்துக்கு முரணா இருக்குன்னு சொல்லி 2014 மே 7 சுப்ரீம் கோர்ட் 2009 சட்டத்த ரத்து பண்ணிருச்சு. அந்த விஷயம் பொதுப்பட்டியல்ல இருக்குறதால மாநிலமும் சட்டம் போடலாம், ஆனா மத்திய சட்டத்தோட மோதுனா ஜனாதிபதி ஒப்புதல் வேணும். அதனால 2017ல தனிச் சட்டம்னு போகாம, மத்திய சட்டத்துலயே தமிழ்நாட்டுக்கு மட்டும் திருத்தம் பண்ணுனாங்க. ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 சட்டசபையில நிறைவேறுச்சு, ஜனாதிபதி ஒப்புதலும் கெடச்சுச்சு. பேரு அதுக்கேத்த மாதிரி வந்துச்சு. ஜல்லிக்கட்டு உள்ள விளக்கத்துல இருக்கு, மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா எல்லாத்தையும் சேத்து. 2023 மே 18 அஞ்சு நீதிபதி அமர்வு அது செல்லும்னு சொல்லிருச்சு. பேர்ல ஜல்லிக்கட்ட வச்சிருந்த சட்டம் போச்சு, உள்ளுக்குள்ள வச்சிருந்த சட்டம் நின்னுச்சு. வாடிவாசல்ல நிக்கிற ஒவ்வொரு பையனும் அந்த நீளப் பேரத் தெரிஞ்சு வச்சுக்கணும்னு நெனக்கிறேன்.

கேள்வி: குண்டர் சட்டத்தோட உண்மையான பேரு என்ன? மணல் அள்ளுனவங்க மேலயும் அதப் போடுறாங்களே? – செல்லூர் வாசகர்

மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் படிங்க. தமிழ்நாடு கள்ளச்சாராயக்காரர்கள், இணையவழிச் சட்டக் குற்றவாளிகள், போதைப்பொருள் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், விபச்சாரத் தொழில் குற்றவாளிகள், மணல் குற்றவாளிகள், பாலியல் குற்றவாளிகள், குடிசைப் பகுதி நிலம் அபகரிப்போர், வீடியோ திருடர்கள் இவங்களோட ஆபத்தான நடவடிக்கைகளத் தடுக்கும் சட்டம், 1982. ஆரம்பத்துல இவ்வளவு நீளம் இல்ல. காலம் போகப் போக ஒவ்வொரு வகையாச் சேத்தாங்க, வனக் குற்றம், வீடியோ, மணல், 2014ல இணையவழிக் குற்றமும் பாலியல் குற்றமும்னு. புதுசா வந்தவங்களக் கடைசியில ஒட்ட வைக்காம இங்கிலீஷ் எழுத்து வரிசைப்படி நடுவுல நடுவுல சொருகிருக்காங்க, அதான் மணலுக்குப் பக்கத்துல பாலியல் குற்றம் நிக்குது. ஜனங்க அந்த வரிசையில ஒரே ஒரு வார்த்தைய எடுத்துக்கிட்டு குண்டர் சட்டம்னு வச்சுட்டாங்க.

ஆனா பாருங்க, பேரு இத்தன தடவை வளந்தும் நம்பர் அசையல, 14/1982தான். அதே மாதிரி 1937ல வந்த மதுவிலக்குச் சட்டம், அப்ப அது மெட்ராஸ் மதுவிலக்குச் சட்டம், 1969ல நம்ம மாநிலம் தமிழ்நாடுன்னு ஆனப்ப பழைய சட்டத்துக்கெல்லாம் பேர மாத்துனதுல இன்னிக்கு "தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937"ன்னு இருக்கு. நம்பர் 10/1937 அப்படியே. உங்க வீட்டாளு மேல தடுப்புக் காவல் உத்தரவு வந்துச்சுன்னா, அதுல எந்த வகைன்னு போட்டுருக்காங்கன்னு மொதல்ல பாருங்க. பன்னெண்டு மாசம் வரைக்கும் உள்ள வைக்கிற சட்டம் அது, வக்கீல் வாதாடுறதே அந்த ஒரு வரிய வச்சுத்தான் பல நேரம் ஆரம்பிக்கும்.

கேள்வி: எங்க தாத்தா "ரேகைச் சட்டம்"னு ஒண்ணச் சொல்லுவாரு. அது எந்தச் சட்டம்? ஒரு சட்டத்தோட பேரே ஜனங்கள அவமானப்படுத்தலாமா? – உசிலம்பட்டி வாசகர்

இந்தக் கேள்விக்கு மனசு கனக்காமப் பதில் எழுத முடியாதுங்க. தாத்தா சொன்னது குற்றப் பரம்பரைச் சட்டம். 27/1871ன்னு வடக்க ஆரம்பிச்சு, 1911ல 3ஆம் நம்பர் சட்டமா சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு, அப்புறம் 6/1924ன்னு திரும்பப் போட்டாங்க. மூணு தடவை வேற வேற நம்பர்ல போட்டும் அந்தப் பேர மட்டும் மாத்தல. பொறந்த கொழந்தையையும் குற்றவாளின்னு பேர்லயே சொல்ற சட்டம் அது. பிரமலைக் கள்ளர் உள்பட நம்ம பக்கத்துச் சமூகங்களுக்கு அத வச்சுக் கைரேகைப் பதிவு, ராத்திரி ஸ்டேஷன்ல போயிப் படுக்குறதுன்னு எல்லாம் நடந்துச்சு. 1920 ஏப்ரல் 3, பெருங்காமநல்லூர்ல ரேகை வைக்க மாட்டோம்னு நின்ன ஜனங்க மேல போலீஸ் சுட்டதுல 16 பேர் செத்தாங்க, மாயக்காங்குற பொம்பளையும் அதுல ஒருத்தி. உங்க தாத்தா காலத்து ஆளுங்க அரசாங்கம் வச்ச பேரச் சொல்லாம ரேகைச் சட்டம்னே சொன்னது, தங்கள அது என்ன செஞ்சுச்சோ அத வச்சு. அது அவங்க வச்ச பேரு. அரசிதழ்ல உள்ள பேர விட அதுதான் உண்மை.

1947ல நம்ம மாகாணத்துல அது ரத்தாச்சு. ஆனா பேருப் பிரச்சனை அதோட தீரல. அந்தச் சட்டத்துல இருந்து விடுபட்டவங்களுக்கு வச்ச சீர்மரபினர் பழங்குடியினர்ங்குற பேர 1979ல ஒரு அரசாணை சீர்மரபினர் சமூகத்தினர்னு மாத்திருச்சு, அதனால மத்திய அரசுத் திட்டங்களுக்கு அந்தச் சான்றிதழ் எடுபடல. உங்க ஊர்லயே எத்தன உண்ணாவிரதம், எத்தன மறியல். 2019லதான் மத்திய அரசுக் காரியத்துக்குப் பழைய பேர்லயும் சான்றிதழ் குடுக்கலாம்னு வந்துச்சு. நாப்பது வருஷம் ஒரே ஒரு சொல்லுக்காக.

நல்ல பேரு வச்ச சட்டமும் நம்ம மதுரையில இருந்து வந்துருக்கு, அதையும் சொல்லணும். 1939 ஜூலை 8, மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட மக்களயும் நாடார் ஒருத்தரையும் கூட்டிக்கிட்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள போனாரு. அன்னிக்குச் சட்டப்படி அது வழக்குப் போடக்கூடிய காரியம். அவங்களையும் அனுமதிச்ச கோயில் அதிகாரிகளையும் காப்பாத்துறதுக்கு ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டு வந்து, பின்னாடி 22/1939ன்னு சட்டமாவே ஆக்குச்சு. அதோட பேர்லயே ரெண்டு விஷயம் இருக்கும், கோயிலுக்குள்ள போக அனுமதி, ஏற்கனவே போனவங்க மேல வழக்கு வராம பாதுகாப்பு. ரெண்டாவது பாதி மதுரைக்காகவே எழுதுனது. பின்னாடி 1947ல வந்த கோயில் நுழைவுச் சட்டத்துல அந்தப் பாதி இல்ல, தேவைப்படல.

கேள்வி: கண்மாய் மடைய சரி பண்ணச் சொல்லி திங்கக்கிழமை குறைதீர் நாள்ல மனுக் குடுத்தேன். பக்கத்து ஊர்க்காரரு சொன்னாருன்னு "ஜி.ஓ. 50ன்படி"ன்னு எழுதிருந்தேன். எந்த ஜி.ஓ.ன்னு தெரியலன்னு பதில் வந்துருச்சு. என்ன செய்ய? – மேலூர் வாசகர்

அண்ணே, ஜி.ஓ.ன்னா அரசாணை, அதோட நம்பர் துறைக்குத் துறை தனி, ஒவ்வொரு ஜனவரிக்கும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு ஒரே துறையிலயும் (நிலை), (வாலாயம்), (டி)ன்னு வகை வகையா தனித்தனி வரிசை ஓடும். வெறும் 50ன்னு எழுதுறது தெருப் பேரு இல்லாம கதவு நம்பர மட்டும் போட்டு மதுரைக்கு லெட்டர் அனுப்புற மாதிரிதான். "அரசாணை (நிலை) எண் இத்தன, இன்ன துறை, இன்ன தேதி"ன்னு நாலும் சேத்து எழுதணும். சட்டத்தச் சொல்றதா இருந்தாலும் அப்படித்தான், பேரு, நம்பரு, வருஷம், அப்புறம் பிரிவு.

அந்த ஜி.ஓ. எதுன்னு பக்கத்து ஊர்க்காரருட்ட காப்பி இருந்தா தலைப்புப் பக்கத்த மட்டும் செல்போன்ல படம் எடுத்துக்கங்க, துறையும் தேதியும் மேலயே இருக்கும். இல்லன்னா தமிழ்நாடு அரசு வெப்சைட்ல துறை வாரியா அரசாணை போட்டுருக்காங்க, நீர்வளத் துறையில மொதல்ல தேடுங்க, மடை உங்க யூனியன் கண்மாயா இருந்தா ஊரக வளர்ச்சித் துறையில. அதுலயும் கெடைக்கலன்னா தகவல் உரிமைச் சட்டம், 22/2005, பிரிவு 6(1)ன் கீழ் பத்து ரூவா கட்டணத்தோட அந்தத் துறையோட பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்க, "கண்மாய் மடை பராமரிப்பு சம்பந்தமா நடப்புல உள்ள அரசாணைகளோட நகல்"னு கேட்டா போதும், நம்பர் தெரியணும்னு அவசியமில்ல. முப்பது நாள்ல பதில் வரலன்னா பிரிவு 19(1)ல முதல் மேல்முறையீடு போடுங்க. நகல் கைக்கு வந்ததும் அதையும் இணைச்சு மனுவ மறுபடி குடுங்க, பழைய மனுவோட பதிவு நம்பரையும் மறக்காமக் குறிப்பிடுங்க.